பாகூர்ல வீடு, கடலூர்ல வேலை: ஹெவி லைசென்ஸ் எங்க, எப்படி எடுக்கறது?

பாகூர்பையன் | 10 நவம்பர் 2024, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். வயசு 23. ஊரு பாகூர் பக்கம், ஆதார்லயும் பாண்டி விலாசம்தான். கடலூர் ஓனர் ஒருத்தர்கிட்ட குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) ஓட்டறேன். விடியக்காலம் துறைமுகத்துல மீன் பெட்டி, அது முடிஞ்சா பண்ருட்டி முந்திரி மூட்டை. இப்ப ஓனர் செகண்ட் ஹேண்ட்ல பத்து சக்கர லாரி ஒண்ணு எடுக்கப் போறார். பொங்கலுக்குள்ள ஹெவி எடுத்துட்டு வா, வண்டி உனக்குத்தான்னு சொல்லிட்டார். அந்த சந்தோஷத்துல ரெண்டு நாளா தூக்கமே இல்ல.

டூவீலர் லைசென்ஸ் 18 வயசுலயே எடுத்துட்டேன். கார் லைசென்ஸ் இந்த வருஷம் ஜனவரி 22தான் தேதி. ஒரு டிரைவிங் ஸ்கூல்ல விசாரிச்சா, மொத்தமா ஒரு தொகை குடுத்துடு, நீ வண்டியத் தொடவே வேணாம், டெஸ்ட் அன்னிக்கு தலைய காட்டினா போதும்ங்கறாங்க. எங்க மாமா வேற, நீ ஏழாவதோட நின்னவன், எட்டாவது பாஸ் சர்டிபிகேட் இல்லாம ஹெவி தரவே மாட்டாங்கன்னு வயித்துல புளியக் கரைக்கிறார். குட்டியானைக்கே பேட்ஜ் (சரக்கு வண்டி ஓட்டத் தனி அனுமதி) எங்கன்னு ஒரு தடவை ரோட்டுல நிறுத்திக் கேட்டிருக்காங்க. இதுல எது நிஜம்? பாண்டியில போடறதா, கடலூர்ல போடறதா? தெரிஞ்ச அண்ணனுங்க சொல்லுங்க.


ஓடி_டிரைவர் | 10 நவம்பர் 2024, இரவு 10.25

தம்பி, முதல்ல பொங்கலை மறந்துடு. கார் லைசென்ஸ் கையில வந்து ஒரு வருஷம் முடியாம ஹெவிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போட முடியாது. டூவீலர் எத்தனை வருஷம் வச்சிருந்தாலும் கணக்குல வராது, எல்.எம்.வி. (கார் மாதிரி இலகு ரக வண்டி) தேதிதான் கணக்கு. உனக்கு ஜனவரி 22 தாண்டணும். அதுக்கப்புறம் எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழிச்சுதான் டெஸ்ட்டுக்கே நிக்க முடியும். ஆக பிப்ரவரி கடைசி, இல்ல மாசி மகத்துக்குள்ளன்னு ஓனர்கிட்ட சொல்லு. வயசு 20 தாண்டணும், அது உனக்குப் பிரச்சினை இல்ல.

நான் ஓ.டி.காரன் (கடலூர் பழைய டவுன்), 26 வருஷமா ஸ்டியரிங். மத்தத நாளைக்கு எழுதறேன், காலையில லோடு இருக்கு.


சட்டப்பிரிவு_சாமிநாதன் | 11 நவம்பர் 2024, காலை 7.10

மாமா சொல்வது பழைய கதை. எட்டாவது தேறியிருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 8ஆம் விதியாக இருந்தது. 2019 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். தம்பி தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

பேட்ஜ் விஷயத்தில் சூடான செய்தியே இருக்கிறது. போன புதன்கிழமை, நவம்பர் 6, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொல்லிவிட்டது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை, சாதா எல்.எம்.வி. லைசென்ஸே வைத்து ஓட்டலாம், தனி அனுமதி வேண்டாம். 2017இல் மூன்று நீதிபதிகள் சொன்னதுதான். இன்சூரன்ஸ் கம்பெனிகள் அதை ஒப்புக்கொள்ளாமல் இழுத்துக்கொண்டே இருந்தன, இப்போது முடிந்தது. குட்டியானை அந்த எடைக்குப் பக்கத்தில்கூட வராது. இனி யாராவது நிறுத்தினால் ஆர்.சி.யில் (வண்டிப் பதிவுச் சான்று) மொத்த எடை எவ்வளவு என்று காட்டுங்கள். வண்டியின் எடை மட்டுமல்ல, வண்டியும் பாரமும் சேர்ந்த எடை. இதை நிறைய பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.


முந்திரிக்கொட்டை | 11 நவம்பர் 2024, காலை 8.02

எட்டாவதை எடுத்தது தப்புன்னு நான் சொல்லுவேன். போர்டு படிக்கத் தெரியாதவன் கையில 28 டன் லாரிய குடுத்தா என்ன ஆவும்? தம்பிய சொல்லல, பொதுவா சொல்றேன்.


ஓடி_டிரைவர் | 11 நவம்பர் 2024, இரவு 11.15

நான் அஞ்சாவது. அப்ப இருந்த ரூலுக்கு ஒரு ஸ்கூல்ல எட்டாவதுன்னு பேப்பர் வாங்கித்தான் லைசென்ஸே எடுத்தேன், இப்ப சொன்னா என்ன செய்யப் போறாங்க. இந்தி, தெலுங்கு, கன்னடம் மூணும் போர்டு பாத்து பாத்தே படிச்சேன். அந்த ரூலால படிச்சவன் வரலை முந்திரி, பொய் பேப்பர்தான் வந்தது.


நெல்லிக்குப்பம்_ஓனர் | 12 நவம்பர் 2024, மதியம் 2.30

நான் மூணு லாரி வச்சிருக்கேன். சீசன்ல கரும்பு, மத்த நேரம் கிடைச்ச லோடு. பேசற யாரும் இன்னும் முக்கியமான இடத்துக்கு வரலை: "வண்டியத் தொடவே வேணாம்"னு ஸ்கூல்ல சொன்னாங்க பாருங்க, அது.

ஹெவிக்கு டிரைவிங் ஸ்கூல் குடுக்கற 5ஆம் நம்பர் படிவம் கட்டாயம். 30 நாள் பயிற்சி, அதுல 15 மணி நேரமாவது ஸ்டியரிங் பிடிச்சு ஓட்டணும்னு விதி. நடப்புல என்ன? காசு வாங்கிட்டு படிவத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறாங்க. எல்லா ஸ்கூலும் அப்படின்னு சொல்லல. ஆனா ரெண்டு வருஷம் முன்னாடி எங்கிட்ட வந்தவன் அப்படித்தான் வந்தான். கார்டு பளபளன்னு இருந்தது. கிளீனராவும் இருந்திருக்கேன்னு சொன்னான். சரின்னு ஓசூர் லோடுக்கு மூத்த டிரைவரோட சேத்து அனுப்பினேன். திரும்பி வர்றப்ப தர்மபுரி தாண்டி மூத்தவர் கண் அசந்துட்டார், இவன் ஸ்டியரிங்ல. தொப்பூர் கணவாய் இறக்கத்துல, டீசல் மிச்சம் பண்றேன்னு கியரை எடுத்து நியூட்ரல்ல விட்டுட்டான்.

லோடு வண்டிய இறக்கத்துல பிடிச்சு வைக்கறது கியரு. பிரேக் அதுக்குத் துணை. நியூட்ரல்ல விட்டா முழு பாரமும் பிரேக் மேல. விட்டு விட்டு மிதிச்சான், பிரேக்குக்கான காத்து இறங்கிடுச்சு, டிரம் சூடேறி லைனிங் பிடிக்கவே இல்ல. நாத்தம் மூக்குல ஏறித்தான் மூத்தவர் முழிச்சார். ஓரமா மண் மேட்டுல ஏத்தி நிறுத்தினாங்க. ஆள் சேதம் இல்ல. முன் ஆக்சில் போச்சு, வண்டி பதினஞ்சு நாள் ஷெட்டுல.

அவனைக் கேட்டேன், ஸ்கூல்ல லோடு வண்டி ஓட்டினியாடான்னு. "டெஸ்ட் அன்னிக்கு நாப்பது அடி முன்னாடி, நாப்பது அடி பின்னாடி" ன்னான்.

அதனால தம்பி, உன் ஓனர் பொங்கல்னு அவசரப்பட்டா நீ அவசரப்படாத. லைசென்ஸ் இல்லாம ஓட்டினா உனக்கு 5,000, ஓட்டவிட்ட ஓனருக்கு 5,000. அது சின்னக் காசு. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரன் அடிபட்டவனுக்குக் குடுத்துட்டு ஓனர்கிட்டருந்து வசூல் பண்ணச் சொல்லி கோர்ட்டே உத்தரவு போடும். இதை அவர்கிட்ட படிச்சுக் காட்டு.


வில்லியனூர்_செல்வி | 12 நவம்பர் 2024, மாலை 6.45

எங்க வீட்டுக்காரர் சிப்காட் தொழிற்பேட்டையில டேங்கர் ஓட்டறார். பேப்பர் வேலை முழுக்க நான்தான். தம்பி கடலூர் ஓனர்னு சொன்னதால கேக்கறேன், பத்து சக்கரத்துல என்ன லோடு? கெமிக்கல் பேரல், ஆசிட், கேஸ்னா வெறும் ஹெவி பத்தாது.


பாகூர்பையன் | 12 நவம்பர் 2024, இரவு 8.50

அக்கா, சிப்காட் லோடும் பாக்கலாம்னுதான் ஓனர் பேசிக்கிறார். அதுக்குத் தனி லைசென்ஸா?


வில்லியனூர்_செல்வி | 12 நவம்பர் 2024, இரவு 9.30

தனி லைசென்ஸ் இல்ல தம்பி, இருக்கற ஹெவியிலயே ஆபத்தான சரக்குன்னு பதிஞ்சு வாங்கணும். விதி 9. மூணு நாள் பயிற்சி, அங்கீகாரம் உள்ள இடத்துல. முன்ன வருஷா வருஷம் புதுப்பிக்கணும், 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் மூணு வருஷம் ஆக்கிட்டாங்க.

உனக்கு ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காத. அந்த விதியில ஒரு இந்திய மொழியும் இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரியணும்னு இருக்கு. எட்டாவதை எடுத்தாலும் இதை எடுக்கல. எடுக்கவும் கூடாதுன்னு நான் சொல்லுவேன். டேங்கர் பக்கவாட்டுல, பின்னாடி ஆரஞ்சுக் கட்டத்துல நம்பர் இருக்குமே, அது உள்ள என்ன சரக்குன்னு உலகத்துக்கே பொதுவான நம்பர். கேபின்ல ட்ரெம் கார்டுன்னு ஒண்ணு இருக்கணும். கசிஞ்சா தண்ணி அடிக்கலாமா கூடாதா, எவ்வளவு தூரம் ஆளை விலக்கணும்னு அதுல இருக்கும். ஒரு தடவை வால்வு ஒழுகி எங்க வீட்டுக்காரர் வழியில நிறுத்தினப்ப, சுத்தி நின்னவங்க பக்கெட்டு பக்கெட்டா தண்ணிய எடுத்துக்கிட்டு ஓடி வந்திருக்காங்க. அந்த ஆசிட்டுல தண்ணி பட்டா கொதிச்சு மேல தெறிக்கும். கார்டைப் படிச்சிருந்ததால தடுத்தார். படிக்கத் தெரியாத டிரைவரா இருந்தா?

இப்பலருந்து ராத்திரி பத்து நிமிஷம் இங்கிலீஷ் எழுத்து படி. ஒரு வருஷம் ஹெவி ஓட்டிட்டு அப்புறம் இதுக்குப் போ.


முந்திரிக்கொட்டை | 12 நவம்பர் 2024, இரவு 9.41

நான் முதல்லயே இதைத்தான் சொன்னேன்.


ஓடி_டிரைவர் | 12 நவம்பர் 2024, இரவு 9.44

நீ சர்டிபிகேட்டு சொன்ன, செல்வி படிப்ப சொல்லுது. ரெண்டும் வேற.


சட்டப்பிரிவு_சாமிநாதன் | 13 நவம்பர் 2024, காலை 6.55

எங்கே போடுவது என்ற கேள்வி விடுபட்டுவிட்டது. பாகூர் கொம்யூன் நிலவரம் தெரியாதவர்களுக்கு: ஒரு தெரு பாண்டிச்சேரி, அடுத்த வயல் தமிழ்நாடு. பாகூரிலிருந்து பாண்டி போவதைவிட கடலூர் போவது சீக்கிரம். ஆனால் சட்டம் தூரம் பார்க்காது. இருக்கும் லைசென்ஸில் வண்டி வகை சேர்க்க வேண்டுமென்றால், நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில் எந்த லைசென்ஸ் அலுவலகத்திலும் போடலாம் என்று 2019 திருத்தம் தளர்த்தியிருக்கிறது. மாநிலத்துக்குள் எங்கும் என்றுதான் தளர்வு, எல்லை தாண்டி அல்ல. ஆதார் பாண்டி, கார் லைசென்ஸும் பாண்டி என்றால் பாண்டியிலேயே முடிப்பதுதான் தலைவலி இல்லாத வழி. பி.ஒய். (பாண்டி) லைசென்ஸை வைத்து டி.என். 31 (கடலூர்) வண்டி ஓட்டத் தடை எதுவும் கிடையாது. லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும்.

விண்ணப்பம் அரசாங்கத்தின் சாரதி இணையதளத்தில். புதிதாக லைசென்ஸ் என்று போடாமல், இருக்கும் லைசென்ஸில் வகை சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மத்திய விதிப்படி எல்.எல்.ஆர். ஒரு வகைக்கு 150 ரூபாய், டெஸ்ட் 300, வகை சேர்க்க 500, கார்டுக்கு 200. சேவைக் கட்டணம் கொஞ்சம் மேலே வரும். ஸ்கூல்காரர் சொல்லும் ஆயிரங்களில் அரசாங்கத்துக்குப் போவது இவ்வளவுதான். மீதி பயிற்சிக்கான கூலி, அதை வாங்குவது நியாயமே, பயிற்சி கொடுத்தால்.


பாகூர்பையன் | 13 நவம்பர் 2024, இரவு 10.10

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். சாமிநாதன் ஐயா, ஒரு சின்ன பயம். டாக்டர் சர்டிபிகேட் வேணும்ல? எனக்கு பச்சை கலர் கொஞ்சம் மங்கலா தெரியும். ஸ்கூல் படிக்கறப்ப வாத்தியாரே சொல்லியிருக்கார். சிக்னல்ல குழப்பம் வந்ததில்ல.


சட்டப்பிரிவு_சாமிநாதன் | 14 நவம்பர் 2024, காலை 7.00

சரக்கு வண்டிக்கு 1ஏ படிவம், பதிவு பெற்ற மருத்துவர் கையெழுத்து கட்டாயம். 2020 ஜூனில் அந்தப் படிவத்தை மாற்றினார்கள். நிறக்குறை லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் லைசென்ஸ் தரலாம், கடுமையாக இருந்தால்தான் தடை. கண் மருத்துவரிடம் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள், மறைத்து எழுத வேண்டாம். 25 மீட்டர் தூரத்தில் நம்பர் பிளேட் படிக்க முடியுமா, ராக்குருடு உண்டா, காது கேட்கிறதா, இதெல்லாமும் அதில் கேட்பார்கள்.


ஓடி_டிரைவர் | 16 நவம்பர் 2024, இரவு 10.50

இன்னிக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். எழுதறேன்னு சொன்னத எழுதறேன்.

ஸ்கூல்ல சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளு. உங்ககிட்ட சொந்த லாரி இருக்கா, இல்ல டெஸ்ட்டுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கறீங்களா? ஒரு வண்டியில எத்தனை பேரை ஏத்தறீங்க? பத்து பேரை ஏத்திக்கிட்டு ஆளுக்கு ரெண்டு கிலோமீட்டர் குடுத்தா, 30 நாள்ல நீ கத்துக்கறது வேடிக்கை பாக்கத்தான். நேரமும் காசும் இருந்தா கும்மிடிப்பூண்டியில அரசோட சாலைப் போக்குவரத்து நிறுவனப் பயிற்சிப் பள்ளி இருக்கு, நாமக்கல்ல அசோக் லேலண்ட் பள்ளி இருக்கு. அங்க போனவன் ஓட்டற கையே வேற மாதிரி இருக்கும்.

குட்டியானை ஓட்டின கைக்கு மூணு விஷயம் வராது. ஒண்ணு திருப்பம். நீளமான வண்டி திரும்பறப்ப பின் சக்கரம் முன் சக்கரம் போன வழியில வராது, உள் பக்கமா வெட்டிக்கிட்டு வரும். பாண்டி இந்திரா காந்தி சிலை சந்திப்புல இடது பக்கம் திரும்பற லாரிக்கும் ஓரத்துக்கும் நடுவுல ஸ்கூட்டி நுழையும் பாரு, அங்கதான் ஆள் போறது. முன்னாடி நல்லா விட்டுத் திருப்பணும், திருப்பும்போது கண்ணு இடது கண்ணாடியிலதான். ரெண்டாவது, ஏர் பிரேக். காலையில ஸ்டார்ட் பண்ணினதும் கிளம்பாத. டேங்க்ல காத்து ஏறட்டும், மீட்டரப் பாரு. ராத்திரியே டேங்க்ல சேந்த தண்ணிய வடிச்சு விடு. மூணாவது ரிவர்ஸ். பின்னாடி எட்டிப் பாக்கற பழக்கத்த விடு, பாடி கட்டின லாரியில பின்னாடி ஒண்ணும் தெரியாது. ரெண்டு கண்ணாடிதான் உன் கண்ணு. சந்தேகம்னா இறங்கிப் போய்ப் பாத்துட்டு வா. இறங்கிப் பாக்கறதுல வெக்கமே இல்ல, நான் இப்பவும் இறங்கறேன்.

அப்புறம், டெஸ்ட் எடுக்கற பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி ஹாரனை அடிச்சுக்கிட்டே ஓட்டாத. அவருக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது.


முந்திரிக்கொட்டை | 17 நவம்பர் 2024, காலை 9.20

எல்லாம் சரி, ஹெவி எடுத்து என்ன கண்டீங்க அண்ணே? 1961 சட்டத்துல மோட்டார் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஓட்டினா அரை மணி ஓய்வுன்னு இருந்தது. லாரியில எவன் பாத்திருக்கான்? என் மச்சான் பேட்டாவுக்காக ராத்திரி பகல் ஓட்டி இடுப்பு போய் இப்ப டீக்கடை வச்சிருக்கார்.


ஓடி_டிரைவர் | 17 நவம்பர் 2024, இரவு 8.15

அது உண்மைதான். ஒண்ணும் மறுப்பு இல்ல. அடுத்த அக்டோபர்லருந்து கம்பெனி விடற புது லாரி கேபினுக்கெல்லாம் ஏ.சி. கட்டாயம்னு போட்டிருக்காங்க, நான் ரிட்டயர் ஆற நேரத்துக்கு வருது.


பாகூர்பையன் | 15 டிசம்பர் 2024, இரவு 7.30

மன்னிக்கணும், ஒரு மாசமா இந்தப் பக்கம் வர முடியல. ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்து எங்க ஊர்ப் பக்கம் எல்லாம் ஏரியாட்டம் ஆயிடுச்சு. வீட்டுல முழங்கால் தண்ணி. லைசென்ஸ், ஆதார் எல்லாம் அரிசி டின்னுல போட்டு மேல வச்சதால தப்பிச்சது. குட்டியானையில தண்ணி கேனும் சோத்துப் பொட்டலமும்தான் ஒரு வாரம் ஓட்டினேன். ஓனருக்கு உங்க பதிவெல்லாம் படிச்சுக் காட்டினேன். நெல்லிக்குப்பம் ஐயா எழுதினத ரெண்டு தடவை படிக்கச் சொன்னார். அவசரம் இல்லன்னுட்டார்.


வில்லியனூர்_செல்வி | 15 டிசம்பர் 2024, இரவு 8.00

ஜாக்கிரதையா இரு தம்பி. டின்னுல வச்சது புத்திசாலித்தனம். கையோட எல்லாத்தையும் போன்ல டிஜிலாக்கர்ங்கற அரசாங்க ஆப்லயும் எடுத்து வச்சுக்க, அதைக் காட்டினாலும் செல்லும்.


பாகூர்பையன் | 9 மார்ச் 2025, மாலை 5.10

அண்ணே, அக்கா, ஐயா, நடந்தத சொல்றேன். ஜனவரி 27 எல்.எல்.ஆர். வந்தது. சொந்த லாரி வச்சிருக்கற ஸ்கூலா தேடிச் சேந்தேன், வண்டிக்கு நாலு பேர்தான். கண் டாக்டர் லேசான குறைதான்னு எழுதிக் குடுத்துட்டார். பிப்ரவரி 28 டெஸ்ட். ரிவர்ஸ்ல கம்பைத் தட்டிட்டேன், ஃபெயில். ஏழு நாள் கழிச்சுத்தான் திரும்ப வர முடியும்னாங்க. அந்த ஏழு நாளும் ஸ்கூல் மைதானத்துல ரிவர்ஸ் மட்டுமே எடுத்தேன். ஸ்கூல் மாஸ்டர் கண்ணாடிய மட்டும் பாருன்னு சொல்லி பின் ஜன்னல்ல கோணிப்பை கட்டிட்டார். வெள்ளிக்கிழமை பாஸ்!


சட்டப்பிரிவு_சாமிநாதன் | 9 மார்ச் 2025, மாலை 6.00

வாழ்த்துகள். கார்டு வந்ததும் பின்பக்கத் தேதியைப் பாருங்கள். சரக்கு வண்டிக்கான செல்லுபடி ஐந்து வருஷம்தான், கார், டூவீலருக்கான தேதி வேறாக இருக்கும். முன்பு காலாவதி ஆன பிறகும் 30 நாள் சலுகை இருந்தது, 2019இல் அதை எடுத்துவிட்டார்கள். தேதி முடிந்த மறுநாளே ஓட்டினாலும் லைசென்ஸ் இல்லாதவர் கணக்குதான். காலாவதிக்கு ஒரு வருஷம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம்.


நெல்லிக்குப்பம்_ஓனர் | 9 மார்ச் 2025, இரவு 9.05

உன் ஓனர் வண்டி இன்னும் எடுக்கலைன்னா எங்கிட்ட வா.


பாகூர்பையன் | 9 மார்ச் 2025, இரவு 9.20

எடுத்துட்டார் ஐயா. ஆனா முதல் மூணு மாசம் இடது சீட்டுதான்னுட்டார். நான்தான் அப்படிக் கேட்டேன்னு வச்சுக்குங்களேன். ஓ.டி. அண்ணே, பெரிய பாடிக்கு தார்ப்பாய் எப்படிக் கட்டறதுன்னு எனக்குத் தெரியாது. கயிறு நழுவிக்கிட்டே இருக்கு.


ஓடி_டிரைவர் | 9 மார்ச் 2025, இரவு 11.40

முன்னாடிலருந்து கட்டாத, பின்னாடிலருந்து கட்டிக்கிட்டு முன்னாடி வா. அப்பதான் முன் பாய் பின் பாய் மேல விழும், காத்து உள்ள பூராது. ஞாயித்துக்கிழமை ஓ.டி.யிலதான் வண்டி நிக்கும், காலையில ஆறு மணிக்கு வா, கயிறு முடிச்சு போட்டுக் காட்டறேன். வேட்டியில வராத.